ஆறு குழியும் ஒரு வாளித் தண்ணீரும்

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு என் குட்டியானை வண்டியில் ஆயிரம் லோடு அடித்திருப்பேன். கொண்டுபோன சரக்கு கொண்டுபோனபடியே என்னோடு திரும்பி வந்தது ஒரே ஒரு தடவைதான். அது ரோசம்மாள் அக்காவின் உரம்.

பாலக்கரையில் ரோசம்மாள் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். உரக்கொட்டகை ரோசம்மாள் என்று கேட்டால் ஒருத்திதான். வயது ஐம்பத்தேழு. புருஷன் அற்புதசாமி பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அக்கா பத்தொன்பது வருஷம் தள்ளுவண்டியோடு தெருத் தெருவாகக் குப்பை அள்ளினாள். முட்டி தேய்ந்த பிறகு, வாய்க்கால் கரையில் இருக்கிற உரக்கொட்டகைக்கு மாற்றி விட்டார்கள். வாசல் போர்டில் அந்தக் கொட்டகைக்கு என்னவோ நீளமான பெயர் இருக்கிறது. அதை முழுசாகச் சொல்லி யாரும் நான் கேட்டதில்லை.

வீடுகளிலிருந்து வருகிற காய்கறித் தோல், மீந்த சோறு, வாழை மட்டை எல்லாம் அங்கே செங்கல் தொட்டிகளில் விழும். அக்கா புரட்டிப் போட்டு, தண்ணீர் தெளித்து, சலித்து, நாற்பத்தைந்து நாளில் உரமாக்குவாள். பழுத்துவிட்டதா என்று பார்க்க ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பாள். புது மழை விழுந்த மண் மாதிரி வாசம் வந்தால் சரி. வராவிட்டால் மறுபடியும் தொட்டிக்கே போகும். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். கொட்டகைப் பக்கம் போகிற வார்டு அம்மாக்கள் யாராவது மூக்கைப் பொத்தினால், உங்க வீட்டுச் சாம்பார்தாம்மா என்பாள். அவர்கள் கையை எடுத்துவிடுவார்கள்.

அந்த உரத்தை வாங்குகிறவர் ஒரே ஒருத்தர். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் துளசித் தோட்டம் வைத்திருக்கும் நல்லதம்பி. அதிகம் பேசமாட்டார். பேசினால் கணக்காகப் பேசுவார். போன ஏப்ரலில் நான் லோடோடு போய் நிற்கிறேன், மனுஷர் தார்ப்பாயை அவிழ்க்க விடவில்லை. உள்ளே போய் ஒரு துளசிக் கொத்தை எடுத்து வந்து காட்டினார். வேரோரம் பச்சை நிறத்தில் ஒரு நாடா சுற்றிக்கொண்டு கிடந்தது. மார்ச்சில் போட்ட உரத்தில் வந்ததாம். மாலை கட்டுகிற அம்மா பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"டிரைவரே, இது பெருமாளுக்குப் போற துளசி. நாளைக்கு மாலையில கவர் தொங்குனா என்னையத்தான் கேப்பாங்க" என்றார்.

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் துளசிக்கு இருக்கிற கிராக்கி எல்லோருக்கும் தெரியும். அதற்கு நவம்பர் முதல் வாரம் செடிக்கு உரம் வைத்தாக வேண்டும். அதுவரை பொறுப்பதாகச் சொன்னார். நவம்பரில் வருகிற ஒரு லோடு சுத்தமாக இருந்தால் மேலும் மூன்று லோடு எடுப்பார். இல்லையென்றால் ஆட்டுப் புழுக்கைக்குப் போய்விடுவார். நான் வண்டியைத் திருப்பி, காவிரிப் பாலத்து நெரிசலில் அந்த உரத்தோடு முக்கால் மணி நேரம் நின்றேன். பக்கத்து பஸ்ஸில் ஜன்னல்களை மூடினார்கள். அக்கா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

கொட்டகைக்கு மேற்பார்வை பார்க்கிற பையன் ரெஜிஸ். பட்டம் வாங்கியவன், நல்லவன், கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே சொல்லுவான்.

"அக்கா, மேல கேக்குறாங்க. நவம்பர் லோடும் திரும்பி வந்துச்சுன்னா கொட்டகையப் பூட்டிருவாங்க. உங்களைத் திரும்பத் தள்ளுவண்டிக்கே போட்டுருவாங்க."

அக்கா கொஞ்ச நேரம் தன் முட்டியைப் பார்த்தாள். அதுகிட்ட கேட்டுச் சொல்றேன் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இரண்டு தெரு நடந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முட்டி அது. தள்ளுவண்டி என்றால் வேலையே போன மாதிரிதான்.

அந்தப் பச்சை நாடா எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். பெரிய கடைவீதிப் பக்கம் தாஜுதீன் பாய் இலை, தட்டு, கப், கவர் எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறார். அந்தக் கவர்ப் பெட்டிகளையும் நான்தான் ஏற்றி வந்து இறக்கினேன். பாய் அக்கா வயதுக்காரர், சின்ன வயதில் இருவரும் ஒரே சந்து. நூல் கண்டைக்கூட நிறுத்துக் கொடுக்கிற ஆள். பிளாஸ்டிக் தடை வந்தபின் ஒரு தடவை சோதனைக்கு வந்தவர்கள் கடையை ஒட்ட வாரிக்கொண்டு போனார்கள். அந்தப் பயத்தில், வடக்கே எங்கிருந்தோ பச்சைக் கவர் தருவித்தார். ஒரு பக்கம் இலைப்படம், அதன் கீழே "நான் பிளாஸ்டிக் அல்ல", மறுபக்கம் "180 நாட்களில் மக்கும்".

வினை அங்கேதான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் வார்டில் குப்பையை வாளியில் கொட்டிவிட்டுக் கவரைத் தனியே போடுவார்கள். இந்தக் கவர் வந்தபின் அப்படியே முடிச்சுப் போட்டு வாளிக்குள் தள்ளினார்கள். கேட்டால், மக்குற கவர்தானே அக்கா, அதுவே பாத்துக்கும் என்று பதில். எழுத்துப் போட்டிருக்கிறதே, எழுத்தோடு யார் சண்டை போடுவது?

அக்கா போட்டாள். என் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து, அந்த நாடாவை மடியில் முடிந்துகொண்டு பாய் கடைக்கு வந்தாள்.

"பாய், இந்தக் கவர் என்ன சொல்லுது?"

"நான் பிளாஸ்டிக் அல்லன்னு சொல்லுது. கொட்டை எழுத்துலதானே போட்டிருக்கு."

"நான் அதுகிட்ட கேட்டனா? வாழை இலை என்னிக்காவது, நான் பிளாஸ்டிக் இல்லன்னு சொல்லியிருக்கா? தப்புப் பண்ணவன்தான் பாய் கேக்காமயே சொல்லுவான்."

பாய் கோபப்படவில்லை. கல்லாவுக்கு மேலே கைகாட்டினார். அங்கே ஆணியில் ஒரு சான்றிதழ் தொங்கியது. முழுக்க இங்கிலீஷ், கீழே ஒரு வட்ட முத்திரை, தூசி படாமல் இருக்க லேமினேட் பண்ணியிருந்தார். அக்கா அண்ணாந்து பார்த்தாள். மக்குற கவருக்குச் சான்று, அந்தச் சான்று மக்காத கவருக்குள்ளயா என்று மட்டும் கேட்டாள். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, பாயும் சொல்லவில்லை, நானும் ஏறிப் பார்க்கவில்லை. இங்கிலீஷில் முத்திரை போட்டு வந்தால் எங்கள் கூட்டத்துக்கு அது சாமி படம் மாதிரி. கும்பிடுவோம், படிக்க மாட்டோம்.

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. நூற்றெண்பது நாள் மண்ணில் கிடக்கட்டும். கவர் காணாமல் போய்விட்டால் அக்கா கடைவாசலில் வந்து நின்று, நாலு பேர் கேட்க, பாய் சரக்கு சுத்தம் என்று சொல்லவேண்டும். காணாமல் போகவில்லையென்றால் பாய் அந்தக் கவரை விற்பதை நிறுத்தவேண்டும். அதோடு கொட்டகையில் உட்கார்ந்து, உரத்தில் கிடக்கிற தன் கவர்த் துண்டுகளைத் தன் கையாலேயே பொறுக்கவேண்டும்.

அக்கா கோயில் காலண்டரைப் புரட்டிப் பார்த்து மே ஆறாம் தேதியைக் குறித்தாள். அன்றிலிருந்து நூற்றெண்பதாவது நாள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். செத்தவர்களை எல்லாம் நினைத்துக் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோகிற நாள். அடக்கம் பண்ணின கவரைப் பார்க்கவும் அதைவிட நல்ல நாள் கிடையாது என்றாள்.

மே ஆறாம் தேதி கொட்டகைக்குப் பின்னால் சுவரோரமாக, வரிசை பார்க்காமல் இடம் கிடைத்தபடி ஆறு குழி தோண்டினோம். நான்தான் தோண்டினேன், அவர்கள் இருவரும் மேஸ்திரி வேலை பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு முழம் ஆழம். முதல் குழியில் வாழை இலை. அது சாட்சிக்கு. இரண்டாவதில் பாக்குமட்டைத் தட்டு. மூன்றாவதில் டீக்கடைக் காகிதக் கப். நாலாவதில் கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் பை. எல்லோரும் துணிப்பை என்கிறோம், தொட்டால் துணி மாதிரித்தான் இருக்கும். ஐந்தாவதில் சோளமாவில் செய்த கவர். விலை அதிகம் என்று பாய் கடையில் ஆறு மாதமாக விற்காமல் கிடந்தது. ஆறாவதில் வழக்காளி, பாயின் பச்சைக் கவர்.

ஐஸ் குச்சிகளைக் குறுக்கே கட்டி ஆறு சிலுவை செய்து, கரிக்கட்டையால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி நட்டாள். பாய்க்கு மட்டும் மரியாதை வேண்டுமே என்று அவர் குழிச் சிலுவையின் மேலே சின்னதாக ஒரு பிறையும் போட்டாள்.

இந்தச் சரக்குகளின் அட்டையில் போடுகிற வார்த்தைகளுக்கு அக்காவிடம் தனி விளக்கம் உண்டு. ரெஜிஸ் ஒரு நாள் வந்து, எது மக்கும், எது உரமாகும், எது மறுசுழற்சி என்று காகிதம் வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தான். அக்கா கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று சொல்லி எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

வாழை இலை புனிதர் மாதிரி. நேரே மோட்சம், நடுவில் எங்கேயும் நிற்காது. உரமாகும் என்று போட்டது உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமா. நெருப்பு மாதிரி சூடு வேண்டும், நாளும் வேண்டும், வெந்து தணிந்து அப்புறம் மோட்சம் போகும். சோளமாவுக் கவர் அந்த ரகம். வெறும் மண்ணில் போட்டால் முனகிக்கொண்டு கிடக்கும், குப்பை உரமாகிற சூட்டில் கொதிக்கிற தொட்டியில் போட்டால் கரைந்துவிடும். மக்கும் என்று மட்டும் போட்டு எங்கே, எப்போது என்று சொல்லாதது, நாளைக்குத் தருகிறேன் என்கிறவன் மாதிரி. எந்த நாளைக்கு என்று கேட்கவேண்டும். மறுசுழற்சி என்றால் மறுபிறவி. நம்ம வேதத்தில் அது கிடையாது, அந்தச் சந்தேகமெல்லாம் ஸ்ரீரங்கத்தில் நல்லதம்பியிடம் கேட்டுக்கொள் என்றாள். சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று போட்டிருந்தால்? அதற்குக் கொஞ்சம் யோசித்தாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்க, நல்ல குடும்பம்னு சொல்லிட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி. ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம்."

பாய் சும்மா இருக்கவில்லை. என் கவரையும் அந்தச் சூட்டுத் தொட்டியில் போடவேண்டியதுதானே, அதை மட்டும் ஏன் பச்சை மண்ணில் புதைக்கிறாய் என்று நியாயம் கேட்டார். உங்க கவர் நாப்பத்தஞ்சு நாள் சூட்டுல வெந்துட்டுத்தான் பாய் ஸ்ரீரங்கம் போய்த் துளசியச் சுத்திக்கிச்சு என்றாள். பாய் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

குழி மூடியாகிவிட்டது. ஆனால் நூற்றெண்பது நாளும் தொட்டிகளுக்குக் குப்பை வந்துகொண்டுதானே இருக்கும்? நவம்பர் லோடு சுத்தமாக வேண்டும் என்றால் கவர் உள்ளே வரக்கூடாது. அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். வாரத்தில் இரண்டு நாள் காலையில் தெரு முனையில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். தள்ளுவண்டியில் முடிச்சுப் போட்ட கவர் எது வந்தாலும் அங்கேயே மீன்கத்தியால் கிழிப்பாள். கிழித்ததோடு விடமாட்டாள், உள்ளே இருப்பதை வாய்விட்டுப் படிப்பாள். சக்கரை வியாதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற வாத்தியார் வீட்டிலிருந்து லட்டு டப்பா. மாமியாருக்கு விரதம் என்று சொன்ன வீட்டிலிருந்து கோழி எலும்பு. ஓட்டல் சாம்பார்ப் பொட்டலத்தை வீட்டுச் சமையல் என்று விருந்தாளிக்குப் போட்ட அம்மா ஒருத்தர் வாசலுக்கு ஓடியே வந்துவிட்டார். இரண்டே வாரம். அந்தத் தெருவில் முடிச்சுப் போடுகிற பழக்கம் ஒழிந்தது. வாளியில் கொட்டினால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், எது யார் வீட்டுது என்று தெரியாது. ரெஜிஸ் ஒட்டிய நோட்டீஸ் ஒரு வருஷத்தில் செய்யாததை லட்டு டப்பா செய்தது.

ஆனால் வார்டில் ஒரு தெருவா இருக்கிறது? மற்ற தெருக்களிலிருந்து பச்சைக் கவர் வந்துகொண்டேதான் இருந்தது. குறைந்தது, நிற்கவில்லை.

பாய் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கொட்டகைப் பக்கம் வருவார். அந்தப் பக்கமாகப் போனேன் என்பார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு ஜோலியும் கிடையாது. சுவரோரம் நின்று ஆறாவது குழியைப் பார்ப்பார். உங்க பிள்ளை நல்லாத் தூங்குறான் பாய், எழுப்பாதீங்க என்பாள் அக்கா. மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தக் குழியில் மட்டும் அவர் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஈரம் இருந்தால் சீக்கிரம் மக்குமாம். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கித் தந்தார். குடித்தேன். அக்காவிடமும் சொன்னேன்.

அக்டோபர் கடைசியில்தான் அந்த வினோதம் நடந்தது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் எங்கள் பக்கம் எல்லோரும் கல்லறைகளைக் கழுவி, புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடிப்பார்கள். கூலிக்கு அந்த வேலை செய்கிறவன் ஜோஸ்வின். ஒரு சாயங்காலம் மீந்த சுண்ணாம்பு வாளியோடு வாய்க்கால் கரை வழியாக வந்திருக்கிறான். கொட்டகைக்குப் பின்னால் ஆறு சின்னச் சிலுவைகள் மழையில் சாய்ந்து அழுக்காகக் கிடந்தன. யாரோ வளர்த்த கிளியோ பூனையோ, கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று மனசு இளகிவிட்டது. ஆறையும் பிடுங்கித் துடைத்து, வெள்ளை அடித்து, கோணல் இல்லாமல் கயிறு பிடித்த மாதிரி நேராக நட்டு, ஆளுக்கொரு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். கூலிகூடக் கேட்கவில்லை.

மறுநாள் அக்கா வந்து பார்க்கிறாள். பெயர் ஒன்றும் இல்லை. பிறையும் இல்லை. எந்தக் குழி யாருடையது என்று தெரியவில்லை. சின்னக் குழிகள், நெருக்கமான குழிகள், அதற்குள் புல்லும் முளைத்துவிட்டது. அவள் முகம் வாடி முதல் தடவையாகப் பார்த்தேன். பந்தயம் போனால் போகட்டும். பாய் அந்தக் கவரை விற்பதை நிறுத்தாதவரை தொட்டிக்குள் அது வந்துகொண்டேதான் இருக்கும். பொறுக்கவும் ஆள் கிடைக்காது. நவம்பர் லோடு அந்த ஆறாவது குழியை நம்பித்தான் இருந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி காலை அக்கா கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே கொட்டகைக்கு வந்தாள். கையில் அற்புதசாமி கல்லறையில் ஆறு வருஷமாகக் கிடக்கிற மாலை. ஊதா நிறப் பிளாஸ்டிக் பூ. வருஷா வருஷம் இந்த நாளில் கொண்டுவந்து கொட்டகைக் குழாயில் சோப்புத்தூள் போட்டு அலசி, திரும்பக் கொண்டுபோய்ப் போடுவாள். பாய் அதற்குள் வந்து காத்திருந்தார். வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

"என்ன ரோசம்மா, ஆறு வருஷமா ஒரே மாலையா? அற்புதசாமிக்கே சலிச்சுப் போயிருக்குமே."

"அது மண்ணுக்கு மேல இருக்கு பாய். மண்ணுக்குக் கீழ இருக்குறதுதான் என் கணக்கு."

சொல்லிவிட்டு மாலையைக் குழாயில் அலசி, உதறிக் கொடியில் போட்டாள். அந்த உதறலை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரெஜிஸும் வந்தான். தோண்டினேன். முதலில் அகப்பட்ட குழி காலி, நல்ல கறுப்பு மண். பாய் உடனே, இது என்னுது என்றார். இரண்டாவதில் டீக் கப் இருந்தது. கப் என்று சொல்ல முடியாது, காகிதமெல்லாம் போய், உள்ளே தடவியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தோல் மட்டும் கப் வடிவத்தில் நின்றது. கப்பின் ஆவி. மூன்றாவதில் கல்யாணப் பை. தட்டினேன், மண் உதிர்ந்தது, புதுசு. மணமக்கள் பெயர் பளிச்சென்று இருந்தது. அந்த ஜோடி ஆடி மாசமே ஆளுக்கொரு வக்கீல் வைத்துவிட்டது எங்களுக்கெல்லாம் தெரியும். கல்யாணம் மக்கிருச்சு, பை மக்கலை என்றாள் அக்கா. துணியும் இல்லை ஒன்றும் இல்லை, அதுவும் பிளாஸ்டிக் இழைதான் என்று ரெஜிஸ் சொன்னான். நாலாவது காலி. ஐந்தாவதில் சோளமாவுக் கவர் சுருங்கி, நைந்து, தொட்டால் பிசைகிற பதத்தில் கிடந்தது. உத்தரிக்கிற ஸ்தலம். ஆறாவதும் காலி.

பாய் எழுந்து நின்று விரல் விட்டு எண்ணினார். வக்கீல் கெட்டார்.

"காலிக் குழி மூணு. ஒண்ணு இலை, ஒண்ணு பாக்குமட்டை, மூணாவது என் கவர். மூணும் போயிருச்சு. கடைவாசலுக்கு எப்ப வர்ற ரோசம்மா?"

கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பச்சைக் கவர் எந்தக் குழியிலும் இல்லை. ரெஜிஸ் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

அக்கா போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்தாள். பத்தொன்பது வருஷம் குப்பை அள்ளினவள். கிழிவது வேறு, மக்குவது வேறு என்பதை அவளுக்கு எந்தக் காகிதமும் சொல்லித் தரவேண்டியதில்லை. பாய் என்னுது என்ற குழியிலிருந்து இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். எல்லாம் அடியில் போய்ப் படிந்தது. வாழை இலை மோட்சம் போயிருச்சு, அவரை எழுப்பாதீங்க என்றாள். நாலாவது குழி மண்ணில் பழுப்பு நார் நாலு மிதந்தது. பாக்குமட்டை. ஆறாவது குழி மண்ணைப் போட்டாள். கலக்கினாள். கையை எடுத்தாள்.

குளத்தில் பாசி ஏறுகிற மாதிரி பச்சைத் துணுக்குகள் மேலே வந்தன. ஒன்று, பத்து, நூறு. நகம் அளவு, அரிசி அளவு, அதைவிடச் சின்னதும். கவர் எங்கேயும் போகவில்லை. பொடிப்பொடியாக உடைந்து மண்ணுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

அக்கா தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்து, எழுத்து உள்ள துணுக்குகளாகப் பார்த்து எடுத்து அதன் மேல் அடுக்க ஆரம்பித்தாள். ரெஜிஸும் உட்கார்ந்து தேடினான். கடைசியில் பாயே குந்தி உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். மூடியின் மேல் ஓட்டை ஓட்டையாக இரண்டு வார்த்தை சேர்ந்தது. "நான் பிளாஸ்டிக்". அதற்கப்புறம் இருக்கவேண்டிய வார்த்தையின் துண்டு ஒன்றுகூட அகப்படவில்லை.

"அல்ல மட்டும் மக்கிருச்சு பாய்" என்றாள் அக்கா.

முதலில் சிரித்தவர் பாய்தான். வெள்ளைச் சட்டையில் மண் பட்டதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபின் முகம் வேறாகிவிட்டது. கடைக்கு ஆள் அனுப்பி அந்தச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார். ரெஜிஸ் வாங்கிப் படித்தான். ஒரு தடவை படித்துவிட்டு, நம்பாமல் மறுபடியும் படித்தான். கவரின் கனம் இவ்வளவு, ஐந்து கிலோ தூக்கும், லேசில் கிழியாது. அவ்வளவுதான் அதில் இருந்தது. மக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. கவர் அனுப்பிய ஆளுக்குப் பாய் போன் போட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது.

மறுநாளிலிருந்து நாலு நாள் பாய் கொட்டகையில் உட்கார்ந்தார். சொன்ன சொல் தவறாத மனுஷர். அக்கா சலித்துப் போட, அவர் பொறுக்கினார். பொறுக்கிய ஒவ்வொரு துண்டும் தன் கடைச் சரக்கு என்பதால் முதல் நாள் முனகினார், இரண்டாம் நாள் வைதார், மூன்றாம் நாள் சத்தமில்லை. இது என்னுது இல்லை, இது வேற கடைக்கவர் என்று அவர் சந்தோஷமாகக் கத்தியது நாலாம் நாள். கடையில் சான்றிதழ் தொங்கின ஆணியில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. அதில் அந்தத் துணுக்குகளை ஒட்டி வைத்திருக்கிறார். கவர் கேட்டு வருகிறவர்களிடம், எங்கே மக்கும், எத்தனை நாளில், எவ்வளவு சூட்டில் என்று அவரே கேள்வி கேட்கிறார். வாடிக்கையாளர்கள் பயந்து, நிஜத் துணியில் தைத்த மஞ்சப்பையோடு வருகிறார்கள்.

லோடு ஏறியது. நான் பாலத்தைத் தாண்டிக் கொள்ளிடக்கரை போனேன். நல்லதம்பி வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். வாளிக் கதையை நான்தான் போனில் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். மேலிருந்து ஒரு கை, நடுவிலிருந்து ஒரு கை, மூலைகளிலிருந்து இரண்டு. கலக்கினார். சுத்தம். கடைசியாக அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டார்.

ஊதா நிறத்தில் ஒரு இதழ் மிதந்து வந்தது.

எனக்கு அந்த உதறல் ஞாபகம் வந்தது. குழாயடி, கொடி, அதற்குக் கீழே முன்பே சலித்து ஒதுக்கின குவியல். அக்காவின் முட்டியும் ஞாபகம் வந்தது. யோசிக்காமல், அது என் வண்டிப் பூ சாமி, வண்டி முன்னால மாலை போட்டிருக்கேன்ல, அதுலேர்ந்து விழுந்திருக்கும் என்றேன்.

நல்லதம்பி வண்டிக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். என் வண்டியில் தொங்கிய பிளாஸ்டிக் மாலையில் மஞ்சளும் ஆரஞ்சும்தான்.

"ஊதாப் பூவக் காணோமே டிரைவரே."

"அதான் விழுந்துருச்சே."

அவர் வாளிக்குத் திரும்பினார். அந்த இதழைத் தண்ணீரிலிருந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, முழுசா இருக்கு, பொடியாகலை, கையால எடுத்துட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு லோடை இறக்கச் சொன்னார். ஒரு நிபந்தனை, அந்த வண்டி மாலையை இப்போதே கழற்றவேண்டும். கழற்றினேன். ஆயுதபூஜைக்குப் புதுசாக வாங்கியது. மூன்று லோடு சொல்லிவிட்டார், அடுத்த வாரமே வேண்டும் என்றார். இதழை என் சட்டைப் பையில் அவரே போட்டு, யாருதோ அவங்ககிட்ட குடுத்துடுங்க என்றார்.

கொட்டகைக்கு வந்து ரெஜிஸிடம் மூன்று லோடு என்றேன். அவன் போனைப் பார்க்காமல் கேட்டான். அவன் போனபின் அக்காவிடம் இதழைக் கொடுத்தேன், என் மாலை போன கதையையும் சொன்னேன். இதழை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் வழக்கம்போல, அந்தப் பக்கமாகப் போனேன் என்று வந்தார். சுவரோரம் ஏழாவதாக ஒரு சிலுவை நட்டிருந்தது. கரிக்கட்டையில் ரோசம்மாள் என்று எழுதியிருந்தது. குழியின் மேல் செவ்வந்தி, நிஜப் பூ, பாதி வாடிப் போய். பாய் திடுக்கிட்டு, உயிரோட இருக்கிறவ பேரை ஏன் எழுதிருக்க, உள்ள யாரு என்று கேட்டார். அக்கா உரம் சலிப்பதை நிறுத்தவில்லை.

"ஆறு வருஷ மாலை பாய். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு வாங்க, வரும்போது வாளி கொண்டாந்துடுங்க."